பல்பை மாற்றியது போதும், நியூட்ரலைப் பாருங்கள்

பெறுநர்:
மேலாளர்,
கட்டட மின்பராமரிப்புப் பிரிவு

பொருள்: விளக்குகள் விட்டுவிட்டு மங்குவது, மூன்று முறை ஆள் வந்தும் தீராத பழுது

ஐயா,

எங்கள் கட்டடத்தின் மின்பராமரிப்பு உங்கள் நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. ஆறு வாரமாக விளக்குகள் திடீரென்று மங்குவதும், சில நிமிடத்தில் தானாகவே தெளிவதுமாக இருக்கின்றன. மூன்று முறை புகார் கொடுத்தோம். மூன்று முறையும் ஆள் வந்தார், பல்பை மாற்றினார், 'சரியாகிவிட்டது' என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். ஒருவர்கூடப் பையிலிருந்து மீட்டரை வெளியே எடுக்கவில்லை.

புது எல்.இ.டி. பல்பு போட்ட இடங்களில் மங்கல் தெரியாமல் போனது உண்மைதான். வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் வெளிச்சத்தை ஒரே அளவில் வைத்துக்கொள்ளும் டிரைவர் அந்தப் பல்புக்குள்ளேயே இருக்கிறது. மாடிப்படித் திருப்பத்தில் மட்டும் ஒரு பழைய குண்டு பல்பு மிச்சம். அதுதான் காட்டிக்கொடுக்கிறது. சாயங்காலம் ஏழு மணி வாக்கில் அதன் இழை செம்மஞ்சளாக இறங்கிவிடும். அதே நேரம் என் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் வேகம் கூடி இரையும்.

ஒரு பக்கம் இறங்கும்போது இன்னொரு பக்கம் ஏறுகிறது என்று உங்கள் ஆட்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. முதலில் வந்தவர் 'வெளியிலிருந்து வரும் சப்ளையே கம்மி' என்றார். அப்படியென்றால் எங்கேயும் ஏறக் கூடாதே? இரண்டாமவர் தண்ணீர் மோட்டார் மேல் பழி போட்டார். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும், சரி. ஆனால் அது ஓரிரு நொடிதான். இங்கே நான்கைந்து நிமிடம் நீடிக்கிறது. மூன்றாமவர் 'எம்.சி.பி. (கரண்ட் மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்) விழவில்லையே, பயப்படாதீர்கள்' என்றார். அதைக் கேட்டுத்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஓவர்லோடோ ஷார்ட்டோ ஆனால் எம்.சி.பி. விழும். லூஸ் இணைப்பு கூடுதல் கரண்ட் இழுப்பதில்லை. அந்த முனை மட்டும் சூடேறிக் கருகும்; எம்.சி.பி. பேசாமல் இருக்கும்.

கடைசியில் தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டு, வெவ்வேறு பேஸில் (கட்டடத்துக்குக் கரண்ட் கொண்டுவரும் மூன்று கம்பிகளில் ஒவ்வொன்றில்) இருக்கும் மூன்று வீட்டு பிளக்கிலும் மீட்டர் வைத்துப் பார்த்தோம். மற்ற நேரத்தில் மூன்றும் 230 வோல்ட்டை ஒட்டி இருந்தன. மங்கிய நேரத்தில் ஒன்று 196, மற்றவை 247, 251. மூன்று பேஸ் சப்ளையில் மெயின் நியூட்ரல், அதாவது மூன்று பேஸுக்கும் பொதுவான திரும்பு கம்பி, லூஸானால் இப்படித்தான் ஆகும்: லோடு அதிகமுள்ள பேஸில் இறங்கும், குறைந்த பேஸில் ஏறும். முழுதாகக் கழன்றால் 300 வோல்ட்டைத் தாண்டிப் போகலாம். பக்கத்து வீட்டுச் சார்ஜர் ஒன்று ஏற்கெனவே புகைந்துவிட்டது. மீட்டர் அறையில் லேசாகக் கருகல் வாடையும் அடிக்கிறது. மெயின் போர்டைத் திறக்க உங்கள் ஆள்தான் வேண்டும் என்பதால் அந்த எலக்ட்ரீஷியன் அதோடு நிறுத்திக்கொண்டார்.

எனவே, பல்போடு யாரையும் அனுப்ப வேண்டாம். போர்டு வேலை தெரிந்தவரை நாளைக்கே அனுப்புங்கள். லோடு ஓடும்போது ஒவ்வொரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே அளக்கட்டும். அப்புறம் மெயினை அணைத்து, நியூட்ரல் லக்கையும் (கம்பி முனையில் பொருத்தும் உலோகத் துண்டு) பஸ்பார் (கம்பிகள் சேரும் உலோகப் பட்டை) ஸ்க்ரூக்களையும் பார்க்கட்டும். கருகிய முனையை அப்படியே இறுக்கிவிட்டுப் போகக் கூடாது, வெட்டிவிட்டுப் புது லக் போட வேண்டும். முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் எங்களுக்கு எழுத்தில் வேண்டும். மூன்று முறை பல்புக்கு வாங்கிய பணத்தையும், புகைந்த சார்ஜரின் விலையையும் திருப்பித் தர வேண்டும்.

அதுவரை மாடிப்படிக் குண்டு பல்பை யாரும் கழற்ற வேண்டாம் என்று உங்கள் ஆட்களிடம் சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடிக் குடியிருப்பாளர்

இணைப்பு: மங்கிய நேரங்களும் மீட்டர் அளவுகளும் குறித்த தாள்