மதிப்பெண் இல்லாத பிரெஞ்சு

காலடிப்பேட்டை, சென்னை
ஆடி வெள்ளி

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. மாமியாருக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மனம் ஆறியது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு, கொஞ்ச நாளைக்கு அடுப்பங்கரைப் பக்கம் வர விடாதே. இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி தவிர வேறு குறையில்லை. ஆடி வெள்ளி என்பதால் வடிவுடையம்மனைப் பார்க்க விடியற்காலையிலிருந்தே கூட்டம். அம்மாவும் வரிசையில் நின்று தரிசனம் செய்துவிட்டுத்தான் வந்தாள்.

நிலா பதினொன்றாம் வகுப்பில் பிரெஞ்சு எடுத்திருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். அதே கடிதத்தின் கடைசியில், "நீ பிரெஞ்சு நாவல் வாசிக்கிறாயாமே, அதனால் என்ன கிடைக்கிறது?" என்றும் கேட்டிருந்தாய். இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். கடிதம் நீளும், உட்கார்ந்து படி.

நாம் எதற்காகப் பிரெஞ்சு எடுத்தோம் என்று உனக்கே தெரியும். மொழிப்பாடத்தில் மதிப்பெண் கொட்டும் என்றார்கள், எடுத்தோம். கேள்வி பதிலை மனப்பாடம் செய்தோம். ராயபுரத்தில் உங்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து வினைச்சொல் அட்டவணையை மாறி மாறி ஒப்பித்தோம். தேர்வு முடிந்ததும் புத்தகங்கள் பழைய பேப்பர் கடைக்குப் போயின. அந்த மொழியில் எழுதிய ஒரு முழுக் கதையைக்கூட யாரும் நம் கையில் கொடுக்கவில்லை. ஒரு மொழியைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதாகச் சொல்லிவிட்டு, அதில் உள்ள கதைகளைக் கண்ணில் காட்டாமலே அனுப்பிவிடுவது எனக்கு இன்றும் ஆறாத கோபம். நிலாவுக்கு அது நேரக் கூடாது.

என்ன கிடைக்கிறது என்று கேட்டாய். நான் வேலை செய்யும், துறைமுகச் சரக்குகளைச் சுங்கத்தில் விடுவித்துத் தரும் கிளியரிங் அலுவலகத்தில் காலையிலிருந்து மாலை வரை பில் ஆஃப் லேடிங், பில் ஆஃப் என்ட்ரி, இன்வாய்ஸ் என்று ஆங்கிலத்தோடுதான் மாரடிக்கிறேன். ஆங்கிலம் எனக்குச் சோறு போடுகிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆங்கில நாவலைப் பிரித்தாலும் அலுவலக ஞாபகம் கூடவே வந்துவிடுகிறது. பிரெஞ்சு என்னிடம் எதையும் கேட்பதில்லை. அதில் நான் யாருக்கும் மின்னஞ்சல் அனுப்ப வேண்டாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். மெட்ரோவில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தால், தண்டையார்பேட்டை வருவதற்குள் ரயில் தரைக்குள் இறங்கிவிடும். ஜன்னலில் பார்க்க ஒன்றும் இருக்காது. அங்கிருந்து மண்ணடி வரை புத்தகம் மட்டும்தான். தமிழை நான் வேகமாக வாசித்துவிடுவேன், சில நேரம் வரிகளைத் தாண்டியும் ஓடிவிடுவேன். பிரெஞ்சில் அப்படி ஓட முடியாது. ஒவ்வொரு வாக்கியத்திலும் நின்றுதான் போக வேண்டும். அந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது. இப்போது தமிழையும் நிதானமாக வாசிக்கப் பழகிவிட்டேன்.

இன்னொன்று சொல்கிறேன், உனக்கு ஆச்சரியமாக இருக்கும். நாம் பிரெஞ்சு பாடம் எடுப்பதற்கு வெகு முன்பே பிரெஞ்சுக் கதைகளை வாசிக்கத் தொடங்கிவிட்டோம். வாடகை நூலகத்தில் உன் அண்ணனும் நீயும் சண்டை போட்டு எடுத்த லயன் காமிக்ஸ் ஞாபகம் இருக்கிறதா? லக்கி லூக்கை வரைந்த மோரிஸ் பெல்ஜியக்காரர், மூலம் பிரெஞ்சில். கேப்டன் டைகர் என்று நாம் கொண்டாடிய குதிரைப்படை வீரரின் மூலப்பெயர் ப்ளூபெரி, அதுவும் பிரெஞ்சுதான். இரத்தப் படலமும் அப்படியே. சிவகாசியில் அச்சாகி, தமிழ் பேசிக்கொண்டு நம் தெருவுக்கு வந்ததால் நமக்குத் தெரியவில்லை.

லக்கி லூக் கதைகளில் பலவற்றை எழுதியவர் கோசினி. அவரே ஓவியர் சாம்பேயின் படங்களோடு எழுதியதுதான் ல பெத்தி நிக்கோலா, நிக்கோலா என்ற பள்ளிச் சிறுவனின் கதைகள். 1960இல் முதல் புத்தகம் வந்தது. நிலாவுக்கு முதலில் கொடுக்க வேண்டியது இதுதான். பையனே கதை சொல்கிறான், மூச்சு விடாமல், 'அப்புறம், அப்புறம்' என்று இழுத்துக்கொண்டே போகிறான். எப்போதும் எதையாவது தின்றுகொண்டிருக்கும் அல்செஸ்த், வகுப்பில் கடைசியாக நிற்கும் க்லொத்தேர், முதல் மாணவன் அன்யான் என்று ஒரு பட்டாளமே உண்டு. அன்யான் கண்ணாடி போட்டிருப்பதால் நினைத்தபோதெல்லாம் அவனை அடிக்க முடியாது என்பது மற்ற பையன்களின் பெரும் வருத்தம். நம் வகுப்பிலும் அவர்கள் எல்லோரும் இருந்தார்கள், பெயர்களை நான் சொல்ல வேண்டியதில்லை.

நிக்கோலாவை முதலில் சொல்வதற்கு வேறு காரணமும் இருக்கிறது. பிரெஞ்சில் எழுத்துக்கென்றே ஒரு இறந்தகாலம் உண்டு, பாசே சேம்ப்ல். இன்றைக்கு யாரும் அதைப் பேச்சில் பயன்படுத்துவதில்லை, கதைகளில் பக்கத்துக்குப் பக்கம் வரும். பாடத்தில் பேச்சு வடிவத்தை மட்டும் படித்துவிட்டு நாவலைத் திறக்கிற பிள்ளை மிரண்டு மூடிவிடும். நிக்கோலா பேசுகிறபடியே எழுதுகிறான் என்பதால் அந்தத் தொல்லை இல்லை. நிலாவிடம் சொல், தமிழ்ப் பிள்ளைகள் இதற்கு அஞ்சவே வேண்டாம் என்று. வீட்டில் ஒரு தமிழ், ஏட்டில் ஒரு தமிழ் என்று வளர்ந்தவர்கள் நாம். எழுத்துக்கென்று தனி வடிவம் இருக்கும் என்பதை நமக்கு யாரும் புதிதாக விளக்க வேண்டாம். கொஞ்சம் பழகினால் கண் தானாகவே பிடித்துக்கொள்ளும்.

நிக்கோலாவுக்குப் பிறகு ஆல்பெர் காம்யு எழுதிய அந்நியன். 1942இல் வந்த நாவல். இலக்கியம் என்றால் கடினம் என்று நினைக்காதே. அதன் பெரும்பகுதி பேச்சில் வரும் இறந்தகாலத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது, வாக்கியங்கள் சின்னச் சின்னவை. வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்தார், க்ரியா வெளியிட்டது. பிரெஞ்சில் ஓர் அத்தியாயம், பிறகு தமிழில் அதே அத்தியாயம் என்று மாற்றி மாற்றி வாசித்தேன். குட்டி இளவரசனையும் அப்படி வாசிக்கலாம், அதன் தமிழிலும் ஸ்ரீராமின் கை இருக்கிறது. அகராதியைவிட இந்த முறை எனக்கு அதிகம் உதவியது.

உனக்கு நான் சொல்வது வேறு. நீ துப்பறியும் கதைப் பிரியை. ஜார்ஜ் சிமெனோன் எழுதிய, மேக்ரே என்ற பாரிஸ் போலீஸ் அதிகாரி வரும் நாவல்களைத் தொடங்கு. மொத்தம் 75 நாவல்கள், பெரும்பாலும் சிறியவை. சிமெனோன் வேண்டுமென்றே எளிய சொற்களை வைத்துக்கொண்டு எழுதினார், அதனால் அகராதியைத் தேடும் வேலை குறைவு. மேக்ரே துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆள் இல்லை. சேன் நதிக்கரை அலுவலகத்தில் கரி அடுப்பைக் கிளறிக்கொண்டு, பைப் பிடித்தபடி, எதிரே உட்கார்ந்திருப்பவரின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ளப் பார்ப்பார். விசாரணை நீண்டால் பக்கத்துக் கடையிலிருந்து சாண்ட்விச்சும் பீரும் மேலே வரும். குற்றவாளியைப் பிடித்த பிறகும் அவருக்குச் சந்தோஷம் வராது. எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடித்துவிட்டது.

இப்போது வாசித்துக்கொண்டிருப்பது ஜூல் வெர்ன், கடலுக்கடியில் போகும் கேப்டன் நீமோவின் கதை. பழைய புத்தகம் என்பதால் பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிகா மின்நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. சிறுவயதில் சுருக்கப் பதிப்பில் படித்திருக்கிறோம், ஆனால் அதில் மன்னார் வளைகுடா வந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. இரண்டாம் பாகத்தில் ஒரு முழு அத்தியாயம் அங்கேதான் நடக்கிறது. முத்துக்குளிப்பவர்களுக்கு என்ன கூலி என்ற பேச்சு முதலில் வருகிறது. முத்து இருக்கும் சிப்பிக்கு ஒரு சல்லிக்காசு, முத்தில்லாத சிப்பிக்கு ஒன்றுமில்லை. முதலாளிகளைப் பணக்காரர்களாக்கும் இந்த ஏழைகளுக்கு இவ்வளவுதானா, இது அருவருப்பானது என்று, நீமோவின் கப்பலில் இருந்து கதையைச் சொல்லும் பேராசிரியர் கொதிக்கிறார். அடுத்து, கடலடியில் நடந்துகொண்டிருக்கும் நீமோவும் அவருடைய விருந்தினர்களும் தலைக்கு மேலே ஒரு படகின் அடிப்பாகத்தைப் பார்க்கிறார்கள். ஒருவன் காலில் கல்லை இடுக்கிக்கொண்டு இறங்குகிறான். அடித்தரையில் மண்டியிட்டுச் சிப்பிகளைப் பையில் அள்ளுகிறான், மேலே போகிறான், மறுபடி இறங்குகிறான். அவனைச் சுறா தாக்க வரும்போது நீமோ கத்தியோடு குறுக்கே பாய்கிறார். அவனைக் காப்பாற்றி, கையில் ஒரு பை முத்தையும் வைத்துவிட்டுப் போகிறார். கப்பலுக்குத் திரும்பிய பிறகு, அவன் ஒடுக்கப்பட்டவர்களின் நாட்டைச் சேர்ந்தவன், தானும் கடைசி மூச்சுவரை அந்த நாட்டவன்தான் என்கிறார். ரயிலில் அந்தப் பக்கத்தை வாசித்தபோது என் கண் நிறைந்துவிட்டது. நீமோ யார் என்று இந்த நூலில் தெரியாது. 1875இல் முடிந்த வேறொரு நாவலில்தான், அவர் புந்தேல்கண்ட் இளவரசர், திப்பு சுல்தானின் உறவினர் என்று வெர்ன் சொல்கிறார்.

எதிர் வீட்டுச் சித்தப்பாவை உனக்கு நினைவிருக்கும், காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போய்க்கொண்டிருந்தவர். இப்போது கடலுக்குப் போவதில்லை, வாசலில் உட்கார்ந்து வலை பழுது பார்க்கிறார். அவருடைய மனைவி வழி உறவினர்கள் தூத்துக்குடியில் சங்கு குளித்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை இந்த அத்தியாயத்தை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். ஊசியை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தவர், அவன் இரண்டாம் முறை இறங்கியதும் நிறுத்தினார். "கயிற்றை மேலே யார் பிடித்திருந்தது?" என்றார். எனக்கு விளங்கவில்லை. முத்துக்குளிப்பவனின் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும், தங்கையின் தாலியை நினைத்து அவன்தான் கயிற்றை விடமாட்டான் என்று அவர்தான் விளக்கினார். மறுபடி புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். கல்லில் கட்டிய கயிறு படகோடு இணைந்திருக்கிறது, படகில் வேறு யாரும் இல்லை. பருவம் தொடங்குவதற்கு முன்பே தனியாகப் பொறுக்க வந்த ஏழை என்று வெர்ன் ஒரே வரியில் சொல்லியிருக்கிறார். அதைச் சித்தப்பாவிடம் படித்துக் காட்டினேன். "அப்படியென்றால் மச்சானிடம்கூடச் சொல்லாமல் வந்திருக்கிறான். வீட்டில் என்ன கஷ்டமோ" என்றார். எந்தப் பிரெஞ்சுக்காரரும் அந்த வரியில் இதைப் படித்திருக்க மாட்டார், மல்லிகா. பிரெஞ்சு வாசித்தால் என்ன கிடைக்கிறது என்று நீ கேட்டதற்கு என்னிடம் உள்ள பதில் இந்த மாலைப்பொழுதுதான்.

நம் பக்கத்துக்கும் பிரெஞ்சுக்கும் ஒட்டில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதே. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்து 1749 வரை வைத்திருந்தார்கள். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை நம் பெரம்பூரில் பிறந்தவர்தான். பகலெல்லாம் பிரெஞ்சுக்காரர்களோடு பழகிவிட்டு நாட்குறிப்பைத் தமிழில் எழுதினார். இன்று அரி கோத்தியே புதுச்சேரி குருசுக்குப்பத்தைப் பிரெஞ்சில் எழுதுகிறார். ல திண்ணை, 2018இல் வந்தது. அதைத் தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைத்ததும் உனக்கும் அனுப்புவேன்.

புத்தகங்களுக்கு நான் பெரும்பாலும் போவது கல்லூரிச் சாலையில் உள்ள அலியான்ஸ் பிரான்சேஸ் நூலகம். சில நேரம் மூர் மார்க்கெட். பழைய கட்டடம் 1985இல் எரிந்த பிறகு அல்லிக்குளம் வளாகத்துக்கு வந்த பழைய புத்தகக் கடைகளைத்தான் சொல்கிறேன். அங்கே பிரெஞ்சுப் புத்தகத்தைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம், முதுகில் தலைப்பு கீழிருந்து மேலாக ஓடும். உள்ளடக்கமும் கடைசியில்தான் இருக்கும். சென்ற மாதம் அடியில் கிடந்த ஒரு மெல்லிய நாவலை எடுத்துப் பிரித்தால் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அந்தக் காலத்தில் பிரான்சில் ஓரம் வெட்டாமலே விற்பார்களாம், வாங்கியவர்தான் கத்தியால் பிரித்து வாசிக்க வேண்டும். முதல் சில தாள்களை மட்டும் யாரோ பிரித்திருந்தார்கள். மீதியை வீட்டில் காய்கறிக் கத்தியால் மெதுவாகப் பிரித்தேன். எத்தனையோ வருடங்களாக யாரும் பார்க்காத பக்கங்கள். பழுப்புத் தூள் மடியில் உதிர்ந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிலாவுக்கு இரண்டே யோசனை. தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் அகராதியைத் திறக்க வேண்டாம். ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்து வழி மறித்தால் மட்டும் பார்க்கட்டும். ராத்திரியில் ஒரு பக்கமாவது வாய்விட்டு வாசிக்கட்டும், நீ பக்கத்தில் உட்கார்ந்து கேள், உனக்கும் பழையது எல்லாம் திரும்பி வரும். தேர்வுக்கான பதில்களை அவள் மனப்பாடம் செய்துகொள்ளட்டும், அதை நான் தடுக்கவில்லை. ஆனால் கதைப்புத்தகத்தில் கேள்வி கேட்டுச் சோதிக்காதே.

நிக்கோலா புத்தகம் ஒன்றும் மேக்ரே நாவல் ஒன்றும் திங்கட்கிழமை பார்சலில் அனுப்புகிறேன். நிக்கோலா நிலாவுக்கு, மேக்ரே உனக்கு. அவற்றில் நான் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன், அழித்துவிடாதே. காலாண்டு விடுமுறைக்கு நிலாவை இங்கே அழைத்துக்கொண்டு வா. நூலகத்துக்குக் கூட்டிப் போகிறேன், சித்தப்பாவிடமும் கதை கேட்கலாம். மேக்ரேயில் எந்த அத்தியாயத்தில் குற்றவாளி யாரென்று உனக்குத் தெரிந்தது என்பதை அடுத்த கடிதத்தில் எழுது. வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு.

உன்,
தேவி