மல்லிகாவுக்கு, கோத்தகிரியிலிருந்து

அன்புள்ள மல்லிகா,

போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். இங்கே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நாலு நாளாகத் துணி காயவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நான் டீ ஃபேக்டரிக்குத் திரும்பப் போய் ஐந்து வாரம் ஆகிறது.

இன்ஷூரன்ஸ் என்ன ஆச்சு என்று கேட்டிருந்தாய். இரண்டு கிளெய்மையும் மறுத்துவிட்டார்கள்.

ஒன்று, கோவை ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் படுத்திருந்த பில், 78,000 ரூபாய். மனநோய் சிகிச்சை இந்தப் பாலிசியில் சேராது என்று இரண்டே வரியில் கடிதம். இன்னொன்று, வேலைக்குப் போக முடியாவிட்டால் வாரா வாரம் பணம் வரும் என்று ஏஜென்ட் சொல்லிப் போட்ட பாலிசி. விபத்தில் அடிபட்டுப் படுத்தால் மட்டும்தான் தருவார்களாம். எனக்கோ ஆறு மாசம் சம்பளமே இல்லை.

அந்தக் கடிதம் வந்த ராத்திரி, எனக்கு நிஜமாகவே ஒன்றும் இல்லையோ, சோம்பலைத்தான் நோய் என்று சொல்லிக்கொண்டேனோ என்று தோன்றிவிட்டது. பணம் போனதைவிட அதுதான் என்னை அறுத்தது. ஆனால் மார்ச் மாசம் நடந்ததை எப்படி மறப்பேன்? இலைக் கணக்கு நோட்டு என் முன்னால் இருக்கிறது. பதினெட்டு வருஷமாக நான் கூட்டுகிற கணக்கு. 42 கிலோ, 37 கிலோ, 51 கிலோ. மூன்றாவது எண்ணுக்கு வருவதற்குள் முதல் இரண்டும் மனசிலிருந்து போய்விடுகின்றன. மறுபடி முதலிலிருந்து கூட்டுகிறேன். ஜன்னலுக்கு வெளியே இலை போட்ட பெரியவர் ரசீதுக்காக நிற்கிறார். அரை மணி நேரம் கழித்து, "விடும்மா, நாளைக்கு வாங்கிக்கிறேன்" என்று அவரே கிளம்பிவிட்டார். கை முறிந்திருந்தால்கூட அந்தக் கூட்டலை வாயால் சொல்லியிருப்பேன், மல்லிகா.

போன மாசம் டாக்டரிடம் கடிதத்தைக் காட்டினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், 21-ஆவது பிரிவை எடுத்துக் காட்டினார். உடம்பு நோய்க்கு எப்படி மருத்துவக் காப்பீடு தருகிறார்களோ, அதே மாதிரி மனநோய்க்கும் தர வேண்டும் என்று இருக்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்த 2018-லேயே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லாக் கம்பெனிகளுக்கும் இதைச் சொல்லிவிட்டது. 2021-இல் டெல்லி உயர் நீதிமன்றமும் பாலிசிதாரர் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது.

அந்தப் பிரிவு மருத்துவக் காப்பீட்டுக்கு மட்டும்தான். வாராந்திரப் பணத்துக்கு அது உதவாது. சரி, அதை விட்டுவிட்டேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் மனநோயும் ஒன்று. அரசாங்கம் ஒத்துக்கொண்டதை அந்தப் பாலிசி ஒத்துக்கொள்ளவில்லை. கை, கால், கண் என்றுதான் அதில் எழுதியிருக்கிறது.

ஆஸ்பத்திரிச் செலவை விடப்போவதில்லை. கம்பெனிக்கு எழுத்தில் புகார் அனுப்பிவிட்டேன். ஒரு மாசத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லை என்றாலும், சென்னையில் இருக்கிற காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், நாமே பேசலாம். ஒரு வருஷத்துக்குள் போய்விட வேண்டும், அவ்வளவுதான். நம் ஊர்ப் பக்கம் எத்தனை பேர் அந்த இரண்டு வரிக் கடிதத்தை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டு, வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, நகையை அடகு வைத்திருப்பார்களோ. நானும் அம்மாவின் வளையலை வைத்துத்தான் பில் கட்டினேன்.

உன்னால் ஒரு உதவி ஆக வேண்டும். பங்குனியில் மதுரைக்கு வந்திருந்தேனே, அப்போது நீ கூட்டிப்போன டாக்டர் எழுதித் தந்த சீட்டு உன் வீட்டில்தான் இருக்க வேண்டும். பழைய நோயை மறைத்துப் பாலிசி எடுத்தாள் என்று அடுத்து ஆரம்பிப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. நோய்க்கு முதன்முதலாகப் பேர் எழுதின தாள் அதுதான், தேதியோடு இருக்கும். ஹாலில் டிவிக்குக் கீழே உள்ள டிராயரில் வைத்த ஞாபகம். அசலைப் பதிவுத் தபாலில் அனுப்பு, ஒரு ஜெராக்ஸ் உன்னிடம் இருக்கட்டும்.

சென்னைக்குப் போக வேண்டி வந்தால் நீயும் என்னோடு வருவாயா?

அன்புடன்,
சரோஜா