பிப்ரவரியில் என்னைக் கூப்பிடாதே

அன்பு மகன் முருகனுக்கு,

அம்மா எழுதுவது. ஓசூருக்கே வந்துவிடு, தனியாகக் கிடந்து என்ன செய்யப் போகிறாய் என்று போன வாரம் கேட்டாய். சிக்னல் விட்டுவிட்டு வந்ததால் நான் சொன்ன பதில் உனக்கு விளங்கியிருக்காது. வருகிறேன் ஐயா. ஆனால் 2027 பிப்ரவரி கழியட்டும். அந்த மாதம்தான் மக்கள்தொகை கணக்கெடுக்க வீடு வீடாக வரப் போகிறார்கள். அப்போது நான் இந்த வீட்டில் இருக்க வேண்டும்.

இது கிழவியின் பிடிவாதம் என்று நினைக்காதே. சத்துணவுக் கூடத்தில் இருபத்தெட்டு வருஷம், பிள்ளைக்கு 100 கிராம் என்று தலை எண்ணி அரிசி போட்டவள் நான். கடைசி வருஷம் ஒன்பது பிள்ளைகள். ஒரு கிலோ அரிசிகூடத் தேவைப்படவில்லை. அதற்கடுத்த வருஷம் பள்ளிக்கூடமே இல்லை. எண்ணிக்கை குறைந்தால் என்னவெல்லாம் போகும் என்று எனக்குத் தெரியும்.

சாயங்காலம் ஊருக்குள் வந்து ஊருணிக்கரையில் திரும்புமே டவுன் பஸ், ஞாபகம் இருக்கிறதா? அதன் ஹாரன் கேட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பேன். நீ பையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பதற்குள் கடுங்காப்பி கொதித்திருக்கும். கொரோனா சமயத்தில் நின்ற பஸ் அது. அப்புறம் வரவே இல்லை. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் இரண்டு தடவை மனு கொடுத்தேன். விசாரித்தால், "ஆள் ஏறுவதில்லையே அம்மா" என்கிறார்கள். பஸ் இல்லாமல்தான் ஆட்கள் போனார்கள் என்பதை எந்தத் தாளில் எழுதிக் கொடுப்பது?

2021-இலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த பஸ் நிற்கிற விலக்குக்கு, மெயின் ரோட்டிலிருந்து நம் ஊர்ப் பாதை பிரிகிற இடத்துக்கு, போக எனக்கு மூன்று கிலோமீட்டர். ஆட்டோ கூப்பிட்டால் போக வர 200 ரூபாய். மழை பெய்துவிட்டால் சரளுக்கு மேலே கரிசல் ஏறிவிடும், ஆட்டோக்காரரும் வர மாட்டார். போன ஐப்பசியில் மேலத்தெருப் பெண்ணுக்கு இடுப்புவலி வந்தபோது 108 வண்டி விலக்கிலேயே நின்றுவிட்டது. டிராக்டரில் வைக்கோலைப் பரப்பி அவளைப் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். அவள் கையை நான்தான் பிடித்துக்கொண்டு போனேன். பிள்ளை நன்றாக இருக்கிறான்.

2000-இல் பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் வந்தபோது, சமவெளியில் 500 பேராவது இருக்கிற ஊர், மலையில் என்றால் 250 பேர் என்று கணக்கு வைத்தார்கள். நம் ஊர் அந்த 500-ஐத் தொடவில்லை. 2011-இல் மக்கள்தொகைக் கணக்கு எழுத வந்த டீச்சரோடு தெருத்தெருவாக நானும் நடந்தேன். அப்போது பூட்டுத் தொங்கிய வீடுகள் நாலு. இப்போது விளக்கு எரிகிற வீடுகள் பதினேழு. 2021-இல் எடுக்க வேண்டிய கணக்கு தள்ளிப்போய்விட்டதால், காகிதத்தில் இன்னும் அந்தப் பழைய ஊரே இருக்கிறது. புதிய கணக்கு அதைவிடச் சின்னதாகத்தான் இருக்கும், தெரியும். அதில் இன்னும் ஒன்று என்னால் குறைய வேண்டாம்.

செக்காரக்குடிப் பக்கம் மீனாட்சிபுரம் பற்றி நீயும் படித்திருப்பாய். தண்ணீர் இல்லாமல் ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பி, கடைசியாக ஒரு பெரியவர் மட்டும் இருந்தார். 2024-இல் அவரும் போய்ச் சேர்ந்தார். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கணக்கெடுப்பில் உன் பேரை நீ அங்கே எழுதிக்கொள். அங்கேதானே பிழைக்கிறாய், அதுதான் சரி. என் ரேஷன் கார்டை மட்டும் இப்போதைக்கு மாற்றாதே. மினிபஸ்ஸுக்குப் புதிதாக வழித்தடம் கொடுக்கிறார்களே, நம் விலக்கிலிருந்து ஊருக்குள் வருகிற மாதிரி ஒரு மனுவை நன்றாக டைப் செய்து அனுப்பு. பதினேழு வீட்டிலும் நான் கையெழுத்து வாங்கிவிடுவேன்.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வருவாய் அல்லவா? பேத்தியையும் கூட்டிக்கொண்டு வா. திரும்பும்போது உங்களோடு நானும் கிளம்புகிறேன். விலக்கில் இறங்கியதும் போன் செய். ஆட்டோவை நான் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா