தடியால நாய் படியாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வச்சிருக்கிறவங்களுக்கு காவல் நாய் இல்லாம ஆகாது, மே ஜூன்ல காய் இருக்கிறப்ப ராத்திரி ஒத்த ஆளு எத்தன மரத்த பாப்பான், அதனால நெறைய பேரு ராஜபாளையம், கோம்பைன்னு குட்டி வாங்கி விடுறாங்க. சொன்ன பேச்சு கேக்கலன்னா தடி, பெல்ட்டு. ஏன்னு கேட்டா "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்"னு பழமொழி வேற.

வேட்டைக்குன்னு வளத்த ஜாதிங்க இது, தானா முடிவெடுத்து ஓடும், நாம அத திமிருங்கறோம். அடிச்சா தடி வச்சிருக்கிற ஆளுக்கு மட்டும் அடங்கும், வீட்டுப் பசங்க கிட்ட வந்தா உறுமும், கடிக்கவும் செய்யும்.

நெறைய தோப்புல காலையில நாய கூப்புடுறதே செயின் மாட்டத்தான். அப்புறம் கூப்புட்டா அது ஏன் வரும்? வேக வச்ச கோழி ஈரல சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி பாக்கெட்ல வச்சுக்கங்க, "வா"ன்னதும் வந்து நின்னுச்சா, அந்த நொடியே குடுக்கணும், ரெண்டு செகண்ட் தாண்டினா எதுக்கு குடுத்தாங்கன்னே அதுக்கு புரியாது. குடுத்துட்டு திரும்ப விட்டுடணும், எப்பயாச்சும் ஒரு தடவதான் செயின். ராகிக் களிய காட்டினா இதெல்லாம் நடக்காது, அது எப்படியும் தட்டுக்கு வரும்னு அதுக்கு தெரியும். நல்லா பழகுன பிறகு ஈரல விட்டு விட்டு குடுத்தாலே போதும்.

எங்க ஊர்ல பாட்டி தெலுங்குல "ரா"ங்கும், பேரன் "வா"ம்பான், தோப்பு ஆளு விசில் அடிப்பாரு, நாய் யார் பேச்சத்தான் கேக்கும்? வீட்டோட பேசி ஒண்ண முடிவு பண்ணுங்க. மேல தாவுச்சுன்னா கத்தாம முதுக காட்டி நின்னுடுங்க, நாலு காலும் தரையில பட்டதும் ஒரு துண்டு ஈரல். ஆசையா குடுக்கிறோம்னு வெங்காயம் போட்ட குழம்பு, சாக்லேட், திராட்சை வேணாம். மாங்கொட்டைய முழுங்குனா குடல் அடைச்சு ஆபரேஷன் வரைக்கும் போயிடும்.

1960 மிருகவதை தடுப்புச் சட்டம் 11வது பிரிவுல நாய அடிச்சு வதைக்கிறதும், குட்டைச் செயின்ல மணிக்கணக்கா கட்டிப்போடுறதும் குத்தம். எங்க பக்கம் இது எத்தன பேருக்கு தெரியும்?

செப்டம்பர் 28 வெறிநோய் தினத்தை ஒட்டி தடுப்பூசி முகாம் வைக்கிறப்ப, கால்நடைத் துறைக்காரங்க ஊசி போட்ட கையோட ஒரு நாய வச்சு பத்து நிமிஷம் இப்படி ஈரல் குடுத்து பழக்குறத செஞ்சு காட்டணும், எப்படியும் எல்லாரும் நாயோட கியூவுலதான் நிக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு மாந்தோப்பு விவசாயி,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்