பேத்தி வாங்கி வந்த பட்ஜி ஜோடி

குரோம்பேட்டை,
ஐப்பசி, ஞாயிறு

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது கைத்தடி இல்லாமலே தெருமுனை டீக்கடை வரை போய் வருகிறாய் என்று படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. வீட்டில் வாசித்துக் காட்டினேன். அண்ணனையும் அக்காவையும் கேட்டதாக எழுதச் சொன்னாள். இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவனுக்கு ஒருவழியாகச் சென்னைக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. சாயங்காலமானால் வீடு கலகலவென்று இருக்கிறது.

ஆபரேஷனை நாலு வரியில் முடித்துவிட்டு, மீதிப் பக்கமெல்லாம் பேத்தி வாங்கி வந்த பட்ஜிகளை, அந்தக் குட்டி ஆஸ்திரேலியக் கிளிகளைப் பற்றி எழுதியிருக்கிறாயே, அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். இத்தனை வருஷமாக நான் மட்டும் பேசிக்கொண்டிருந்த விஷயத்தை இனி இரண்டு பேருமாகப் பேசலாம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பச்சை ஆண், மஞ்சள் பெண் என்று கடைக்காரர் சொன்னது எனக்கு நேர்மாறாகத்தான் படுகிறது. பச்சைக்கு அலகுக்கு மேலே உள்ள சதை வெளிர்நீலமாக இருக்கிறது, மூக்குத் துளையைச் சுற்றி வெள்ளை வளையம் இருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்த வெள்ளை வளையம் பெண்ணுக்குத்தான் வரும். ஆண் குஞ்சாக இருந்தால் அந்த இடம் முழுக்க ஒரே சீராக ரோஸாக இருந்து, வளர வளர நல்ல நீலமாகும். பெண்ணுக்கு முட்டையிடும் பருவம் வரும்போது அது காப்பிப்பொடி நிறத்துக்கு மாறி, மேல்தோல் கொஞ்சம் தடித்துவிடும். மஞ்சளுக்குக் கண் சிவப்பு என்கிறாய். அப்படியானால் அது லூட்டினோ என்கிற சிவப்புக் கண் மஞ்சள் வகை. லூட்டினோ ஆணுக்கு மூக்கில் நீலம் வரவே வராது, ஆயுசு முழுக்க ரோஸ்தான். அதைப் பெண் என்று நினைத்து வாங்கிப் போகிறவர்கள் நிறைய.

அப்புறம் வயசு. பச்சைக்கு நெற்றிக் கோடுகள் மூக்கு வரை இறங்கியிருக்கின்றன என்றால், அது இன்னும் முதல் இறகு உதிர்க்கவில்லை. மூன்று நான்கு மாசத்துக்கு மேல் இருக்காது. உதிர்த்து முளைத்ததும் நெற்றி மஞ்சளாகத் தெளிந்துவிடும். லூட்டினோவில் கோடு தெரியாது, அதனால் கண்ணைப் பார். விழியைச் சுற்றி வெள்ளை வட்டம் விழுந்திருந்தால் வளர்ந்த பறவை. இல்லையென்றால் அதுவும் குஞ்சுதான்.

நான் சொல்வது சரியென்றால் பேத்திக்கு ஒரு நல்ல வேடிக்கை காத்திருக்கிறது. லூட்டினோ மஞ்சளைத் தரும் மரபணு பாலினக் குரோமோசோமில் இருக்கிறது. பறவைகளில் ஆணுக்கு அந்தக் குரோமோசோம் இரண்டு, பெண்ணுக்கு ஒன்றே ஒன்று. அந்த ஒன்றும் அப்பாவிடமிருந்து வருவது. ஆகவே மஞ்சள் ஆணும் பச்சைப் பெண்ணும் சேர்ந்தால் பெண் குஞ்செல்லாம் மஞ்சள், ஆண் குஞ்செல்லாம் மஞ்சளை மறைத்து வைத்திருக்கும் பச்சை. முட்டையிலிருந்து வந்த அன்றைக்கே சொல்லிவிடலாம்: மூடியிருக்கும் இமைக்குள் கண் கறுப்பாகத் தெரிந்தால் ஆண், சிவப்பாகத் தெரிந்தால் பெண். ஜோடியை மாற்றிப்போட்டுப் பச்சை ஆணும் மஞ்சள் பெண்ணுமாக இருந்தால் இந்தக் கணக்கு வராது.

நீலக் குஞ்சு வேண்டும் என்று அவள் கேட்கிறாளே, அதற்கு அப்பா அம்மா இரண்டு பேரிடமும் நீலத்துக்கான மரபணு இருந்தாக வேண்டும். பட்ஜியின் இறகில் பச்சைச் சாயம் என்று ஒன்று கிடையாது. இறகின் அமைப்பே ஒளியைச் சிதறடித்து நீலமாகக் காட்டுகிறது. அதன் மேல் மஞ்சள் நிறமி சேரும்போது பச்சை. அந்த நிறமியைப் பறவை தன் உடம்பிலேயே தயாரிக்கிறது. தயாரிக்கும் நொதியில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறிப்போனதால்தான் நீலப் பட்ஜி உண்டாகிறது என்று 2017-ல் கண்டுபிடித்தார்கள். எனக்கு இதைப் படித்த நாளிலிருந்து நீலக் குஞ்சைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நினைப்பு வரும்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலுக்குள் குஞ்சு பார்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம், மாப்ள. பெண்ணுக்குப் பத்துப் பன்னிரண்டு மாசமாவது ஆகட்டும். அதற்கு முன்னால் முட்டையிடப் பானை கட்டினால் அது முட்டையிடத்தான் செய்யும், ஆனால் முட்டை வெளியே வராமல் அடைத்துக்கொண்டு ஒரே ராத்திரியில் செத்துப்போகவும் கூடும். உன் பச்சைக்கு அந்த வயசு அடுத்த கோடையில் வரும். திண்டுக்கல் வெயிலில் அப்போதும் வேண்டாம். ஆவணியில் ஆரம்பி.

ஆரம்பித்த பிறகு எப்போது நிறுத்துவது என்பதுதான் பெரிய விஷயம். "வருஷத்துக்கு ஆறு ஈடு எடுக்கலாம்", அதாவது ஆறு தடவை முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க விடலாம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி எடுத்த பெண் பறவைகளைப் பார்த்திருக்கிறேன்: நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்திக்கொண்டு, இறகு மங்கி, ஒற்றைக் காலில் நிற்கக்கூடத் தெம்பில்லாமல் கூண்டின் அடியில் உட்கார்ந்திருக்கும். அதற்கு அப்போது இரண்டு வயசுகூட ஆகியிருக்காது. நன்றாக வைத்துக்கொண்டால் எட்டு வருஷம் இருக்கக்கூடிய உயிர்.

ஏன் அது தானாக நிறுத்துவதில்லை என்றால், அதன் ஊர் அப்படி. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலத்தில் இதற்கு இன்ன மாசம் இனப்பெருக்கம் என்று கிடையாது. மழை எங்கே பெய்து புல் விதை பிடிக்கிறதோ அங்கே கூட்டமாகப் பறந்துபோய், விதை இருக்கிற வரைக்கும் அடுத்தடுத்து முட்டையிடும். விதை தீர்ந்து நிலம் காய்ந்ததும் நின்றுவிடும். நம் வீட்டிலோ தினை தீர்வதே இல்லை, தண்ணீர் வற்றுவதே இல்லை. 1840-ல் ஜான் கௌல்ட் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோன நாளிலிருந்து எத்தனையோ தலைமுறை கூண்டிலேயே பிறந்தும், உடம்புக்கு அந்தப் பழைய கணக்குத்தான் தெரியும். ஆகவே அந்த வறட்சியை நாம்தான் கொடுக்க வேண்டும். வருஷத்துக்கு இரண்டு ஈடு. அதோடு பானையை அவிழ்த்துவிட்டு, ஆணையும் பெண்ணையும் தனித்தனிக் கூண்டில் விட்டுவிடு. நான் அப்படித்தான் செய்கிறேன். கத்தும், ஒன்றையொன்று கூப்பிடும், இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். அடுத்த ஆவணியில் சேர்த்து விட்டால் அதே ஜோடி அதே பாசத்தோடு ஒன்றுக்கொன்று ஊட்டிக்கொள்ளும்.

பானை நான் பல்லாவரம் வெள்ளிச் சந்தையில் வாங்குவது வழக்கம். மண் பானை வெயிலுக்குக் குளிர்ச்சி. அடி குழிவாக இருப்பதால் முட்டை உருளாது, குஞ்சுக்குக் கால் அகன்று போகாது. உள்ளே வைக்கோல், பஞ்சு எதுவும் போடாதே. காட்டில் மரப்பொந்தில் வெறும் கட்டையில் முட்டையிடும் பறவை. நீ போட்டதைப் பெண் எல்லாவற்றையும் இழுத்து வெளியே எறிந்துவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் நாலிலிருந்து ஆறு முட்டை வரும், ஒவ்வொன்றும் பொரிய 18 நாள். முதல் குஞ்சு கண் திறக்கும்போது கடைசிக் குஞ்சு முட்டையை உடைத்துக்கொண்டிருக்கும்.

பானையை இறக்கிப் பார்க்கப் பயப்படாதே, பழகிய பறவை பொறுத்துக்கொள்ளும். பொரிந்த குஞ்சு இரண்டு கிராம்தான், ரோமமே இருக்காது. அதை மல்லாக்கப் படுக்க வைத்துத்தான் தாய் ஊட்டும். தொண்டைப் பையின் தோல் அவ்வளவு மெல்லிசு; நாலைந்து நாளானால் உள்ளே இருக்கிற தினை மணி ஒவ்வொன்றும் வெளியிலிருந்தே தெரியும். பை நிறைந்திருக்கிறதா என்று தினமும் பார். மேல் அலகின் உட்பக்கத்தில் தீனி ஒட்டிக் காய்ந்துபோகும். அதை நனைத்து, பல்குச்சி முனையால் மெதுவாக எடுத்துவிடு. விட்டால் அலகு கோணிக்கொள்ளும்.

தீனியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: தினை, பனிவரகு, கொஞ்சம் கம்பு, தினமும் ஒரு பிடி கீரை. ஈரக் கொத்தமல்லிக் கட்டைக் கம்பியில் தொங்கவிட்டால் அதில் புரண்டே குளித்துவிடும். கடல் நுரை, அதாவது கணவாயின் ஓடு, எப்போதும் கூண்டில் இருக்கட்டும், முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்பு அதிலிருந்துதான் கிடைக்கும். கூண்டு அடுப்படிப் பக்கம் வேண்டவே வேண்டாம். நான்ஸ்டிக் சட்டி வெறுமனே காய்ந்து வரும் புகை நமக்கு ஒன்றும் செய்யாவிட்டாலும் பறவையைச் சில நிமிஷத்தில் கொன்றுவிடும். இதை மருமகளிடமும் சொல்லிவிடு.

வீட்டில் கிளி வளர்த்தால் வனத்துறை பிடிக்கும் என்று அக்கா பயப்படுவதாக எழுதியிருந்தாய். அந்தச் சட்டம் நம்மூர்ப் பச்சைக்கிளிக்கு. 1972-லிருந்து இருக்கிறது, நல்ல சட்டம். பட்ஜி அதில் வராது.

தைப்பூசத்துக்குப் பழனி வருகிறோம். திரும்பும்போது உன் வீட்டில் ஒருநாள் தங்குவதாக வீட்டில் முடிவாகிவிட்டது. வரும்போது இரண்டு பானையும் கடல் நுரையும் கொண்டு வருகிறேன். பானையை ஆவணி வரைக்கும் பரணிலேயே வை. நாங்கள் வருவதற்குள் பச்சைக்கு நெற்றி தெளிந்துவிடும், மூக்கு நிறமும் கொஞ்சம் மாறியிருக்கும். பேத்தியை வாரம் ஒருதரம் இரண்டின் மூக்கையும் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல். முழங்காலுக்குச் சொன்ன பயிற்சியை விட்டுவிடாதே.

உன்,
சேகர்