வெட்டிய அட்டையில் பெயர் எங்கே?

மத்திய மருந்துகள் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் அதிகாரிகளுக்கும், மாத்திரை தயாரிக்கும் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

சிவகாசி அச்சகங்களில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்ந்தவன் நான். தீப்பெட்டி லேபிளிலிருந்து காலண்டர் வரைக்கும் என் கையில் ஓடாத தாள் இல்லை. அந்தப் பழக்கத்தில் எந்தப் பொட்டலம் கையில் வந்தாலும் முதலில் அச்சைத்தான் பார்ப்பேன். உங்கள் மாத்திரை அட்டைகளின் அச்சைப் பற்றித்தான் இந்த மடல்.

கேட்பது ஒன்றே ஒன்று. அட்டையை எந்த இடத்தில் வெட்டினாலும், வெட்டிய துண்டில் மருந்தின் பெயர், மில்லிகிராம் அளவு, காலாவதித் தேதி மூன்றும் இருக்க வேண்டும்.

மருந்துக் கடைகளில் அட்டையை வெட்டி விற்பது தங்களுக்குப் புதிதல்ல. தினக்கூலிக்காரர் மூன்று நாளைக்கு மூன்று மாத்திரைதான் வாங்குவார். பதினைந்தும் வாங்கினால்தான் தருவேன் என்று கடைக்காரர் சொன்னால் அவர் வாங்காமலே வீட்டுக்குப் போய்விடுவார். ஆகவே கத்தரிக்கோலைத் தடை செய்து இதைத் தீர்த்துவிடலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். தேதி அச்சிட்ட முனையைக் கடைக்காரர் தம்மிடம் வைத்துக்கொள்வதையும் நான் குறை சொல்லவில்லை. மீதியை விற்க அவருக்குத் தேதி வேண்டுமே. எங்களுக்கு வேண்டாமா என்பதுதான் கேள்வி.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். என் அக்காவுக்கு 72 வயது. பல வருடங்களாகச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உண்டு. காலையில் சாப்பாட்டுக்கு முன்னால் கிளிமிபிரைடு, இரவில் அம்லோடிபின். உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போன ஊரில் மாத்திரை தீர்ந்துவிட, அங்கிருந்த கடையில் வகைக்கு நான்காக வாங்கியிருக்கிறாள். இரண்டும் வெள்ளிக் காகிதத் துண்டு, இரண்டிலும் பொட்டுப் போலச் சின்ன வெள்ளை மாத்திரை. ஊர் திரும்பி, இரண்டையும் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தாள். மறுநாள் இரவு ஏழு மணிக்கு இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, கொதிப்பு மாத்திரை என்று நினைத்துச் சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டாள். காலையில் போட்டது போக இது இரண்டாவது.

இந்த மாத்திரை என்ன செய்யும் என்பது தங்களுக்குத் தெரியும். படிக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன். சர்க்கரைக்குத் தரும் மாத்திரைகள் எல்லாம் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. மெட்பார்மின், கல்லீரல் ரத்தத்தில் விடும் சர்க்கரையைக் குறைக்கிறது. அதை மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைடு அப்படியல்ல. கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கும். நாம் சாப்பிட்டோமா, பட்டினியா என்று அது பார்ப்பதில்லை. வயதானவர்களுக்குச் சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மருந்து உடம்பை விட்டுப் போகவும் நேரமாகும்.

விடியற்காலை மூன்று மணி. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பேத்தி முனகல் கேட்டுப் போய்ப் பார்த்தாள். தலையணை, புடவை எல்லாம் வேர்வையில் நனைந்து கிடந்தன. கை வெடவெடவென்று நடுங்குகிறது. பேத்தியைப் பார்த்து, செத்துப்போன எங்கள் அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள் அக்கா. மூளைக்கு முக்கியமான எரிபொருள் சர்க்கரைதான். அது தீர்ந்தால் ஆள் அடையாளம்கூடத் தெரியாது. வீட்டுக் கருவியில் குத்திப் பார்த்தால் 41. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. விழுங்கும் நினைவு இருந்ததால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டிவிட்டு 108-ஐ அழைத்தாள் அந்தப் பெண். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. நல்ல பிள்ளை.

மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மாத்திரை போட்டார்கள்?" டப்பாவோடு கொண்டு போயிருந்தார்கள். துண்டைத் திருப்பிப் பார்த்தார் டாக்டர். அதில் இருந்த ஆங்கில எழுத்துகளை நான் பிறகு லென்ஸ் வைத்துப் படித்தேன். ஒரு பக்கம் 'டேப்லெட்ஸ் ஐ.பி.', அதாவது இந்திய மருந்துத் தர நூலின்படி செய்த மாத்திரை என்றிருந்தது. மாத்திரை என்பது எங்களுக்கே தெரியும். மறுபக்கம், மருத்துவர் சீட்டு இல்லாமல் சில்லறையில் விற்கக் கூடாது என்ற எச்சரிக்கையின் நடுப்பகுதி. பெயர் அடுத்த துண்டோடு யார் வீட்டுக்கோ போய்விட்டது.

குளுக்கோஸ் ஏற்றியும் இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை மறுபடி இறங்கியதைப் பார்த்துத்தான் டாக்டர் மருந்தை ஊகித்தார். பிறகு பேத்தி பழைய சீட்டைத் தேடியெடுத்து வந்து, மிச்சமிருந்த மாத்திரைகளை எண்ணிப் பார்த்து உறுதி செய்தாள். மறுநாள் சாயங்காலம்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அக்கா பிழைத்துக்கொண்டாள். தனியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இங்கே எழுத எனக்கு மனம் இல்லை.

விதிப்படி எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று பதில் வரும். வாஸ்தவம். 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகள், பெயரும் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் மாத்திரையைத் தாங்கும் உள்ளுறையிலேயே இருக்க வேண்டும் என்கின்றன. சட்டத்தின் கணக்கில் உள்ளுறை என்பது முழு அட்டை. எங்கள் கணக்கில் அது மூன்று மாத்திரை. மருந்தின் பொதுப்பெயரை வணிகப் பெயரைவிட இரண்டு அளவு பெரிதாக அச்சிட வேண்டும் என்று 2018-இல் ஒரு விதி கொண்டுவந்தீர்கள், நன்றி. அந்தப் பெரிய எழுத்தும் கத்தரிக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறது.

அடுத்து 2023 ஆகஸ்ட் 1 முதல் 300 பிராண்டுகளில் க்யூஆர் குறியீடு வேண்டும் என்றீர்கள். போலி மருந்தைப் பிடிக்க அது நல்ல ஏற்பாடுதான். பெயர், தேதி, உரிம எண் எல்லாம் அந்தக் கட்டத்துக்குள் அடங்கியிருக்கிறதாம். அட்டையில் இடம் இல்லாவிட்டால் வெளிப்பெட்டியில் அச்சிட்டால் போதும் என்று சலுகையும் உண்டு. பெட்டி கடைக்காரரின் அலமாரியில் இருக்கிறது. என் அக்காவிடம் இருப்பது பித்தான் வைத்த கைப்பேசி. இரண்டையும் எங்கே சந்திக்க வைப்பது என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

சிகரெட் பெட்டியின் முகப்பில் 85 விழுக்காடு இடத்தை எச்சரிக்கை பிடித்துக்கொண்டிருக்கிறது. வேண்டியதுதான். ஆனால் நோயைக் கொடுக்கும் பண்டத்தை எட்டடி தூரத்திலிருந்து அடையாளம் காண முடிகிற நாட்டில், நோய்க்குத் தரும் மாத்திரையின் தேதியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, விரலால் தடவிப் படிக்க வேண்டியிருக்கிறது. வெள்ளிக் காகிதத்தில் மையே இல்லாமல் அழுத்திய எண்கள்! என் அச்சகத்தில் ஒரு பையன் இப்படி ஒரு தாளை ஓட்டியிருந்தால் அன்றைய கூலி போயிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் மருந்துப் பெட்டியின் மேல் பெயரைப் பிரெயிலில் பொறிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பார்வை இல்லாதவர் தடவிப் படிக்க அங்கே வழி செய்திருக்கிறார்கள். இங்கே கண் உள்ளவர்களையே தடவ விட்டிருக்கிறோம்.

எழுத்து இல்லாததால் எங்கள் ஊரில் நிறம்தான் பெயர். 'ரோஸ் மாத்திரை சர்க்கரைக்கு, மஞ்சள் மாத்திரை கொதிப்புக்கு.' கம்பெனி மாறினால் ரோஸ் வெள்ளையாகிவிடும், அவ்வளவுதான், பெயரும் போச்சு. அச்சகத்தில் என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையை ஒரு துண்டாக எப்போதும் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். எப்போது வாங்கியது என்று கேட்டேன். சிரிக்கிறார். வீரியம் போன மாத்திரையா என்று அவர் நெஞ்சு வலிக்கும்போதுதான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்ததற்குத் திரும்புகிறேன்.

செலவு, தொழில்நுட்பம் என்று காரணம் வரலாம். ஒவ்வொரு குழிக்கும் நேராக எழுத்தைப் பொருத்துவது சிரமம் என்பது எனக்கும் தெரியும். ரிஜிஸ்டர், அதாவது அச்சு விழ வேண்டிய இடத்தின் பொருத்தம், பிசகினால் ரோலே வீண். பொருத்தவே வேண்டாம். பெயரையும் அளவையும் நெருக்கமான வரிகளாகக் காகிதம் முழுக்கத் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். எங்கே வெட்டினாலும் ஒன்றாவது முழுதாக விழும். சில நிறுவனங்கள் இப்போதே இப்படிச் செய்கின்றன, ஆகவே முடியாத காரியம் அல்ல. தேதியைக் கறுப்பு மையில், ஒரு முனையில் மட்டும் இல்லாமல், வரிசைக்கு ஒருமுறை அடியுங்கள். இடம் போதாவிட்டால் நிறுவனத்தின் சின்னத்தைக் கொஞ்சம் சுருக்கலாம். முடிந்தால் பெயரைத் தமிழிலும் போடுங்கள். இரண்டு விரல் அகலத் தீப்பெட்டி லேபிளில் படமும் பெயரும் விலையும் ஊரும் அடங்க அச்சிட்டவன் சொல்கிறேன், இடம் இருக்கிறது.

விதியைத் திருத்தும் அதிகாரம் உள்ளவர்கள், வெட்டிய துண்டிலும் பெயர், அளவு, தேதி இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நிறுவனத்தார் விதிக்காகக் காத்திராமல் அடுத்த ரோலிலேயே தொடங்கலாம்.

அக்காவின் டப்பாவைக் கொட்டிச் சுத்தம் செய்தபோது இன்னொரு துண்டும் கிடைத்தது. இரண்டு மாத்திரைகள், நீள்வட்டம், நடுவில் ஒரு கோடு. டாக்டருக்கும் தெரியவில்லை, கடைக்காரருக்கும் தெரியவில்லை. உறையில் போட்டு வைத்திருக்கிறேன். முகவரி தந்தால் அனுப்புகிறேன், என்ன மருந்து என்று தாங்களாவது பார்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சகத் தொழிலாளி ஒருவன்,
சிவகாசி