தங்கை பக்கம் நின்றவர்களுக்கு

எனக்குக் கல்லீரல் மாற்று அறுவை நடந்து 14 மாதம் ஆகிறது. இந்த மடலை முதல் மாதமே எழுதியிருக்க வேண்டும். அப்போது எழுதியிருந்தால் என்னைப் பிழைக்க வைத்தவர்களுக்குக் கும்பிடு போட்டுவிட்டு முடித்திருப்பேன். இப்போது நன்றியின் பெரும்பங்கு வேறு சிலருக்குப் போகிறது. தன் ஈரலில் ஒரு பங்கை எனக்குக் கொடுத்த என் தங்கைக்கு ஆபத்து என்று தெரிந்தால் அறுவையையே நிறுத்திவிடத் தயாராக இருந்தவர்கள் அவர்கள். அன்று அவர்கள்மேல் எனக்குக் கோபம்கூட இருந்தது.

முதலில் என் மனைவி. நான் குடித்தவன் இல்லை. பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் அதை நம்பவில்லை, அது கிடக்கட்டும். பல வருடச் சர்க்கரையும் ஃபேட்டி லிவரும் சேர்ந்து ஈரலைச் சுருக்கிவிட்டன. வயிற்றில் நீர் கோக்கும், ஊசி வழியே லிட்டர் கணக்கில் எடுப்பார்கள், சில நாளில் மறுபடி கோத்துக்கொள்ளும். அதைவிடக் கொடுமை மூளைக் குழப்பம். ஈரல் வடிகட்டாமல் விட்ட நஞ்சு தலைக்கு ஏறினால் முதலில் போவது கையெழுத்து என்று யாரோ ஒரு நர்ஸ் அவளிடம் சொல்லியிருக்கிறார். தினமும் காலையில் ஒரு பழைய டைரியில் என்னைக் கையெழுத்துப் போடச் சொல்வாள். எழுத்து கோணினால் உடனே டாக்டருக்குப் போன். அந்த நஞ்சை மலத்தோடு வெளியேற்றும் லாக்டுலோஸ் சிரப்பை எவ்வளவு கூட்டுவது என்று கேட்டுக்கொள்வாள். அந்த டைரியை இப்போது புரட்டினால் சில பக்கங்களில் இருப்பது என் பெயரே இல்லை.

இறந்தவர் தானமாகத் தரும் ஈரலுக்கும் பதிந்திருந்தோம். அந்த வரிசையில் யார் முந்துவது என்பதற்கு மெல்ட் ஸ்கோர் என்று ஒன்று உண்டு; 6 முதல் 40 வரை போகும், எண் கூடக்கூட வரிசையில் முந்தலாம். எனக்கு 19. அது ரத்தப் பரிசோதனை எண்களிலிருந்து வருவது. வயிற்று நீரும் குழப்பமும் அந்தக் கணக்கில் ஏறாது. சாகும் அளவு நோய், ஆனால் வரிசையில் முந்தும் அளவு இல்லை. உயிரோடிருப்பவர் தரும் ஈரலின் பெரிய நன்மை எங்களுக்குப் புரிந்தது அங்கேதான்: உடம்பு மொத்தமாகக் குலைவதற்கு முன்பே நாள் குறித்து அறுவை செய்யலாம்.

என் மகன்தான் முதலில் முன்வந்தான். ஸ்கேனில் அவன் ஈரலிலும் கொழுப்பு. வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்று இரவு அவன் அழுததை நான் கேட்காதது மாதிரி படுத்திருந்தேன். ஆனால் அந்த மறுப்புதான் அவனுக்கு வந்த எச்சரிக்கை. இல்லாவிட்டால் இருபது வருடம் கழித்து என் இடத்தில் அவன் படுத்திருப்பான். இப்போது எடையை நன்றாகக் குறைத்திருக்கிறான். முடியாது என்று ஒளிக்காமல் சொன்ன அந்த டாக்டருக்கு அப்பனாக என் நன்றி.

பிறகு தங்கை வந்தாள். ரத்த வகை பொருந்தியது. அவளுக்கென்று தனியாக ஒரு டாக்டர் நியமிக்கப்பட்டார். என் வைத்தியத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. எங்கள் யாரையும் உள்ளே விடாமல் தங்கையோடு தனியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். என்ன பேசினார் என்பதைத் தங்கை அறுவைக்குப் பிறகுதான் சொன்னாள்: "உங்களுக்கு விருப்பம் இல்லையென்றால் இப்போதே சொல்லுங்கள். உடல்ரீதியாகப் பொருந்தவில்லை என்று மட்டும் வீட்டாரிடம் சொல்வோம். மயக்க ஊசி போடும் நிமிடம் வரை நீங்கள் மனம் மாறலாம்." அண்ணனுக்கு மாட்டேன் என்று சொல்ல எந்தத் தங்கைக்கு வாய் வரும்? அப்படிச் சொல்ல ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார் அந்த டாக்டர் அம்மா. அந்தக் கதவு வழியாகப் போகாமல் அவள் வந்தாள் என்பதால்தான் அவள் தந்ததை என்னால் கூசாமல் வாங்கிக்கொள்ள முடிந்திருக்கிறது.

தங்கையின் கணவர், எங்கள் மாப்பிள்ளைக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஒவ்வொரு சந்திப்புக்கும் நோட்டுப் புத்தகத்தோடு வருவார். "அவருக்கும் இவளுக்கும் ஒரே நேரத்தில் முடியாமல் போனால் யாரை முதலில் பார்ப்பீர்கள்?" என்று கேட்டார். "இரண்டு குழு. என் குழு உங்கள் மனைவியை மட்டும் பார்க்கும்" என்றார் டாக்டர். செத்துப்போக வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டார். ஈரலின் வலப்பாகத்தைக் கொடுப்பவர்களில் ஏறத்தாழ 200 முதல் 500 பேருக்கு ஒருவர் இறக்கக்கூடும் என்று பதில் வந்தது. ரத்தக்கசிவு, பித்தநீர்க் கசிவு, தொற்று, நுரையீரலில் ரத்தக்கட்டி, பின்னாளில் தையல் இடத்தில் குடலிறக்கம் என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். பித்தப்பையையும் சேர்த்தே எடுத்துவிடுவார்கள் என்பது அவர் கேட்ட பிறகுதான் எங்களுக்கே தெரியும். இந்த மனுஷன் காரியத்தைக் கெடுக்கப் பார்க்கிறார் என்று அன்று என் மனைவியிடம் முணுமுணுத்தேன். மாப்பிள்ளை, என்னை மன்னியுங்கள். அந்த அறையில் கேட்க வேண்டியதைக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான்.

சர்ஜன் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். என் எடை 64 கிலோ. எனக்கு வைக்கும் ஈரல் பொதுவாக எடையில் 0.8 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது, அதாவது 512 கிராம். தங்கையின் வலப்பாகம் சுமார் 560. அவளுக்கு மிஞ்சுவது 38 விழுக்காடு; 30-க்குக் கீழே போனால் அவர் கத்தியைத் தொடவே மாட்டாராம். அவள் வலப்பாகத்தில் பித்தக்குழாய் இரண்டாகப் பிரிந்திருந்தது. இரண்டு இணைப்புப் போட வேண்டும், பின்னால் தொல்லை வரலாம் என்பதையும் முன்கூட்டியே சொன்னார். சொன்னபடியே வந்தது.

அறுவை நாள் எனக்கு இல்லாத நாள். அடுத்தடுத்த இரண்டு தியேட்டர்களில் நடந்தது என்று மட்டும் தெரியும். வெளியே உட்கார்ந்திருந்தவர்களும் ரத்தம் கொடுத்த நண்பர்களும் எனக்காக அந்த நாளை வாழ்ந்தார்கள்.

எட்டாம் நாள் தங்கைக்குக் காய்ச்சல். வெட்டிய பரப்பிலிருந்து பித்தநீர் கசிந்திருந்தது. பக்கவாட்டில் கசிவை வெளியேற்றும் ட்ரெயின் குழாயோடு மூன்று வாரம் இருந்தாள். நான் வார்டில் நடைபழகிக்கொண்டிருந்தேன், எனக்குக் கொடுத்தவள் படுத்துக் கிடந்தாள். ஆரோக்கியமாக உள்ளே வந்த ஒருத்தி, எந்த நோயும் இல்லாத ஒருத்தி. அந்த மூன்று வாரம் எனக்குள் என்ன ஓடியது என்பதை எழுத வரவில்லை. குழாயை அடிக்கடி பார்த்து அளவு குறித்த நர்ஸ்களில் ஒருவர், கசிவு நின்ற அன்று என் படுக்கைக்கு வந்து, "உங்க தங்கச்சிக்கு இன்னிக்கு ட்ரெயின் காலி" என்று சொல்லிவிட்டுப் போனார். தங்கச்சியை நினைக்கும்போதெல்லாம், சிஸ்டர், உங்கள் குரலும் சேர்ந்தே வருகிறது.

என்னையும் ஒன்றும் சும்மா விடவில்லை. இரண்டாம் மாதம் உடம்பு புது ஈரலை எதிர்த்தது. பயாப்சி எடுத்து ஸ்டீராய்டு கொடுத்து அடக்கினார்கள். ஆறாம் மாதம் பித்தக்குழாய் இணைப்பு ஒன்று சுருங்கி மஞ்சள் காமாலை. எண்டோஸ்கோப்பி வழியே ஸ்டென்ட் வைத்த டாக்டருக்கு நன்றி. உடம்பு புது ஈரலை எதிர்க்காமல் தடுக்கும் டேக்ரோலிமஸ் மாத்திரை காலையும் இரவும், ஆயுள் முழுக்க. கிருமிக்குப் பயந்து, சிறுநீரகத்தைக் கண்காணித்து வாழ வேண்டியதுதான். மாற்று அறுவை என்பது நோயைக் கொடுத்துவிட்டு வேறொரு பொறுப்பை வாங்கிக்கொள்வது என்று முன்பே சொல்லிவிட்டார்கள், அதனால் ஏமாற்றம் இல்லை.

முகம் தெரியாத ஒரு தாய்க்கும் இந்த மடலில் இடம் உண்டு. உயிரோடிருப்பவர் ஈரல் தரும் முதல் முயற்சி 1988-இல் பிரேசிலின் சாவ் பாலோவில் நடந்தது, குழந்தை பிழைக்கவில்லை. அது நடந்து ஒரு வருடம்கூட ஆகாத நிலையில், 1989-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில், ரஸ்ஸல் ஸ்ட்ராங் என்ற சர்ஜன்முன் ஒரு ஜப்பானியத் தாய் தன் மகனுக்காகப் படுத்தார். அந்தப் பிள்ளை பிழைத்தான். நோட்டில் எழுதிக்கொள்ள எந்தக் கணக்கும் அன்று அவருக்கு இருந்திருக்காது.

தங்கைக்கு நன்றி சொன்னால் திட்டுகிறாள். மூன்றாம் மாத ஸ்கேனில் அவள் ஈரல் பழைய அளவை நெருங்கியிருந்தது. வெட்டிய பாகம் திரும்ப முளைப்பதில்லை, மிஞ்சியதுதான் பருக்கிறது என்று டாக்டர் விளக்கியபோது, "அப்போ இன்னொருத்தருக்குத் தர முடியாதா?" என்று கேட்டு மாப்பிள்ளையை முறைக்க வைத்தாள். தழும்பைச் சுற்றி இன்னும் மரத்துப்போயிருக்கிறதாம். கனமான எதையாவது தூக்கினால் ஒரு இழுப்பு. கேட்டால்தான் சொல்கிறாள், அதனால் வாராவாரம் கேட்கிறேன்.

அடுத்த மாதம் அவளுக்கு மறுபரிசோதனை. மாப்பிள்ளை, அன்று நீங்கள் லீவு போட வேண்டாம். நான் கூட்டிக்கொண்டு போகிறேன். அந்த நோட்டுப் புத்தகத்தை மட்டும் கொடுத்தனுப்புங்கள்.